கேனில் கடைசியாக ஊற்றும் தண்ணீர்

காரிமங்கலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். எங்கள் ஊருக்குப் பால் வண்டி காலையில் மட்டும்தான் வருகிறது. மாலைப் பாலை இரவு வைத்திருந்து காலையில் ஊற்றுகிறோம். மாசி பிறந்ததிலிருந்து மூன்று முறை பால் திரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேனைத் தினமும் தேய்த்துத்தான் கழுவுகிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ‘நோ ரின்ஸ் சானிடைசர்’ என்று ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறான். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் பாத்திரத்துக்கு ஊற்றுவதாம். இதை ஊற்றினால் திரும்பக் கழுவவே வேண்டாம் என்கிறான். மருந்து ஊற்றிய கேனைக் கழுவாமல் அதில் பால் பிடிக்கலாமா? பயமாக இருக்கிறது.”

பயப்படுவதில் தவறில்லை. மருந்து என்றால் கழுவி ஊற்ற வேண்டும் என்பதுதான் வழிவழியாக வந்த பழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் இறங்கினால்தான் ஆபத்து.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் பால் கெடுகிறது. கழுவுவது என்பது கேனில் ஒட்டிய கொழுப்பையும் புரதத்தையும் உப்புப் படிவையும் எடுப்பது. அதற்குத் தேய்ப்பு வேண்டும், சோப்போ சலவை சோடாவோ வேண்டும். கிருமி நீக்குவது என்பது கழுவிய பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொல்வது. அழுக்கு இருக்கும் இடத்தில் எந்தச் சானிடைசரும் வேலை செய்யாது. குளோரினாக இருந்தாலும் அயோடினாக இருந்தாலும் கிருமியைத் தேடிப் போவதற்கு முன் பால் புரதத்தோடு சேர்ந்து வீணாகிவிடும். ஆகவே ‘கழுவ வேண்டாம்’ என்று பாட்டிலில் எழுதியிருப்பதன் பொருள், கேனைத் தேய்க்காமல் விடலாம் என்பதல்ல. சுத்தமாகக் கழுவி முடித்த கேனில் மருந்துக் கரைசலை விட்டு வடித்த பிறகு, மறுபடி தண்ணீர் விட்டு அலச வேண்டாம் என்பது மட்டுமே.

ஏன் அலச வேண்டாம்? அலசும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். மாட்டுக் கொட்டகை ஓரத்து சிமெண்ட் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கேனில் விட்டுக் குலுக்கி ஊற்றுகிறோம். அந்தத் தொட்டியில் பாசி இருக்கும். மாடு வாய் வைத்திருக்கும். சாணிக் கை பட்டிருக்கும். மருந்து கொன்ற கிருமிக்குப் பதிலாக ஒரு சொம்பு புதுக் கிருமியை உள்ளே விட்டதுதான் மிச்சம். பாலைக் குளிரில் கெடுக்கும் நுண்ணுயிர்களில் பல, தண்ணீரிலிருந்து வருபவைதான். சுடச்சுட சலவை சோடா போட்டுத் தேய்த்து, கடைசியில் தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைக்கும் வீட்டில் அத்தனை உழைப்பும் அந்தக் கடைசிச் சொம்பில் போய்விடுகிறது.

கழுவாமல் விடும் மருந்து தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. பதநீர் இறக்குபவர்கள் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பிறகுதான் பாளையில் கட்டுகிறார்கள். தடவிய சுண்ணாம்பை யாரும் கழுவுவதில்லை. அது காரத்தன்மையைக் கூட்டி, சாற்றைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை அடக்கி வைக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். கூடினால் பதநீர் கடுக்கும், வாய் பொத்துவிடும். அளவு தெரிந்த கை தடவினால்தான் பதநீர். பால் கேன் மருந்துக்கும் இதே கணக்குத்தான்: உரிய அளவில் அலச வேண்டியதில்லை, அளவு மீறினால் அலசாமல் விடக்கூடாது.

அந்த அளவு என்ன? உணவு படும் பாத்திரங்களில் அலசாமல் விடக்கூடிய உச்ச அளவாக அமெரிக்க உணவு விதிகள் குளோரினுக்கு 200 பி.பி.எம்., அயோடினுக்கு 25 பி.பி.எம். என்று வைத்திருக்கின்றன. பி.பி.எம். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் இத்தனை மில்லி கிராம் என்ற கணக்கு. பிற நாடுகளிலும் பால்பண்ணைகள் ஏறத்தாழ இந்த அளவுகளை ஒட்டியே வேலை செய்கின்றன.

இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கைக்கு எட்டுவது குளோரின்தான். அதில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று ப்ளீச்சிங் பவுடர். புதிதாக இருக்கும்போது அதில் 30 சதவீதம் அல்லது சற்றுக் கூடுதலான குளோரின் இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 200 பி.பி.எம். வேண்டுமென்றால் 2 கிராம் குளோரின் தேவை. அதாவது 30 சதவீதப் பவுடரில் ஏறக்குறைய 7 கிராம். ஆனால் பையை ஒருமுறை பிரித்துவிட்டால் காற்றும் ஈரமும் பட்டுச் சத்து இறங்கிக்கொண்டே போகும். பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டிக்கு வந்த பவுடரில் மிச்சத்தைக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் பரணில் வைத்திருந்து பயன்படுத்தினால் வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர்தான் இருக்கும். பவுடரை முதலில் ஒரு மக்கில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வாளியில் சேர்க்க வேண்டும். அடியில் தங்கும் வண்டல் கேனில் போகக்கூடாது.

இன்னொன்று சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். சிறு வீட்டுக்கு இதுதான் வசதி. பாட்டிலில் சதவீதம் எழுதியிருக்கும். 4 சதவீதம் என்றால் 10 லிட்டருக்கு 50 மி.லி., 5 சதவீதம் என்றால் 40 மி.லி., 10 சதவீதம் என்றால் 20 மி.லி. சேர்த்தால் 200 பி.பி.எம். ஆகும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கேனுக்கு இதில் பாதியே, 100 பி.பி.எம். போதும். அளக்க மூடியையோ கண்ணையோ நம்பக்கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்றைத் தனியாக இதற்கென்று வைத்துக்கொள்ளலாம். வாசனை சேர்த்தது, துணி வெளுக்க நிறம் சேர்த்தது வேண்டாம். பாட்டிலை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த பாட்டில் சீக்கிரம் செத்துப்போகும்.

சத்து இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் பார்ப்பவரிடம் குளோரின் பார்க்கும் சிறு கருவி இருக்கும். அது குடிநீரில் இருக்கும் சிறு அளவைத்தான் காட்டும். அதனால் வாளிக் கரைசலில் 1 மி.லி. எடுத்து, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 99 மி.லி. சேர்த்துப் பார்க்க வேண்டும். 200 பி.பி.எம். கரைசல் அப்போது 2 என்று காட்டும். பாதி காட்டினால் மருந்தில் பாதி போய்விட்டது.

குளோரினுக்குக் குறையும் உண்டு. அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வரிலும் நெடுநேரம் நின்றால் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். அந்தக் குழிதான் பிறகு கிருமிக்கு வீடு. ஆகவே இரண்டு நிமிடம் படவிட்டு வடித்துவிட வேண்டும். ‘இரவு முழுக்க ஊறினால் நன்றாகச் சுத்தமாகும்’ என்று ஊற வைப்பது கேனைக் கெடுக்கும் வேலை.

கறவை எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அயோடின் கலந்த ‘அயோடோஃபர்’ நல்ல தேர்வு. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. சரியான அளவில் வெளிர் தேநீர் நிறம் இருக்கும், நிறம் வெளுத்தால் சத்து தீர்ந்தது என்று பொருள். வெந்நீரில் கலக்கக்கூடாது, அயோடின் ஆவியாகிப் போய்விடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் நாளடைவில் மஞ்சளாகும். இங்கே ஒரு எச்சரிக்கை. பால் கறந்த பிறகு காம்பை முக்கும் மருந்தும் அயோடின்தான், ஆனால் அது பாத்திர மருந்து அல்ல. காம்பு மருந்தில் அயோடின் சாதாரணமாக அரை சதவீதம், அதாவது 5,000 பி.பி.எம். பாத்திரத்துக்கு வேண்டியதைப் போல இருநூறு மடங்கு. அதில் காம்பு வெடிக்காமலிருக்க கிளிசரின் போன்றவையும் சேர்ந்திருக்கும். இருக்கிறதே என்று அதைக் கேனில் ஊற்றக்கூடாது. ‘பால் பாத்திரங்களுக்கு’ என்று லேபிளில் எழுதியதை மட்டும் வாங்கி, அதில் சொன்ன அளவில் கலக்க வேண்டும்.

தரை துடைக்கவும் மருத்துவமனையிலும் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகையைப் பால் வீட்டுக்குள் சேர்க்காமலிருப்பதே நல்லது. அது பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. உறை ஊற்றினால் தயிர் தோயாமல் சண்டித்தனம் செய்யும். பெரிய பால் பதப்படுத்தும் ஆலைகளில் பெராசெட்டிக் அமிலம் உண்டு. வேலை முடிந்ததும் வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமாகவும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் நல்ல மருந்து அது. ஆனால் கலக்காத நிலையில் தோலையும் கண்ணையும் பொசுக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் அதை வைத்துக் காப்பது பெரும்பாடு.

இனி மகன் வாங்கி வந்த பாட்டில். பீர் தயாரிப்பவர்கள் மத்தியில் பேர் பெற்ற நோ ரின்ஸ் மருந்துகளில் முக்கியமானது பாஸ்பாரிக் அமிலமும் நுரைக்கும் பொருளும் சேர்ந்த வகை. அதே வகை அயல்நாட்டுப் பால்பண்ணைகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்த வேலைக்கு இங்கே இடமில்லை, ஆனால் மருந்து அதனால் தப்பானதாகிவிடாது. லேபிளில் என்ன மருந்து என்று முதலில் பார்க்க வேண்டும். பாஸ்பாரிக் அமில வகையாக இருந்தால், கலக்கிய கரைசலின் பி.எச். 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அது கிருமியைக் கொல்லும். தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் போர்த் தண்ணீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரின் காரத்தன்மை அமிலத்தைத் தின்றுவிடும். கலக்கியதும் கரைசல் பால் போலக் கலங்கினால் மருந்து தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அடையாளம். அயோடினுக்கும் இதே தொந்தரவு உண்டு. வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருமானால் மருந்து கலக்க அந்தக் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் மருந்து வேலை செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபுளோரைடு குடிப்பவர் பல்லுக்கும் எலும்புக்கும்தான் கேடு. சானிடைசரைக் கெடுப்பது கடினத்தன்மையும் காரத்தன்மையும்.

எந்த மருந்தாக இருந்தாலும் கடைசி வேலை வடிப்பது. இதில்தான் சிறு உற்பத்தியாளர் ஏமாந்துபோகிறார். 40 லிட்டர் கேனில் 100 மி.லி. கரைசல் தங்கிவிட்டாலும் பாலில் சேரும் குளோரின் அரை பி.பி.எம்.தான். அதே 100 மி.லி. 2 லிட்டர் தூக்கில் தங்கினால் 10 பி.பி.எம். ஆகிவிடும். மருந்து ஒருபுறம் இருக்க, அது 2 லிட்டர் பாலில் 100 மி.லி. தண்ணீர். எஸ்.என்.எப். 8.3 இருக்கும் பால் அதனாலேயே 7.9க்கு இறங்கும். பசும்பாலுக்குச் சட்டம் கேட்பது 8.3. கொழுப்புக்கும் எஸ்.என்.எப்.புக்கும் காசு தரும் இடத்தில் மாட்டின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திரம் சிறிதாக ஆக வடிப்பதில் கவனம் கூட வேண்டும். கவிழ்த்து, வாய்ப்புறம் தரையில் படாமல் கம்பித் தாங்கியிலோ சாய்வுப் பலகையிலோ ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். துணியால் துடைக்கக்கூடாது. துடைக்கும் துணி தொட்டித் தண்ணீரைவிட மோசம்.

கேள்வி கேட்ட குடும்பம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பால் ஊற்றி வந்தவுடன், காய விடாமல், பச்சைத் தண்ணீரில் கேனை அலச வேண்டும். முதலிலேயே வெந்நீர் விட்டால் பால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், சலவை சோடா, பிரஷ். கேன் அலுமினியமாக இருந்தால் சலவை சோடா கறுக்க வைக்கும், பாத்திரம் கழுவும் திரவமே போதும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்க்க வேண்டும். கேன் பளபளவென்று இருக்கும், அந்த வளையத்துக்கு அடியில் மட்டும் புளித்த வாடை அடிக்கும். உட்புறம் கை வைத்துத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக வெள்ளைப் படிவு தட்டுப்படுகிறதா? கடினத் தண்ணீரும் பாலும் சேர்ந்து கட்டிய படிவு அது. சோப்புக்குப் போகாது. வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்து நன்றாக அலசினால் விடும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கேனை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. அதைத் தவிடு அள்ள வைத்துக்கொள்ளலாம். கழுவிய கேன் கவிழ்ந்து வெயிலில் காயட்டும்.

மருந்து ஊற்றும் நேரம் இது அல்ல. கறக்கப் போவதற்கு அரை மணிக்குள், அப்போது கலக்கிய கரைசலை விட்டு, மூடியோடு சேர்த்து எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, இரண்டு நிமிடம் கழித்து வடிக்க வேண்டும். காலையில் மருந்து ஊற்றிவிட்டு மாலையில் கறந்தால், இடையில் ஈரத்தில் மறுபடி கிருமி பெருகியிருக்கும். பால் வடிகட்டும் துணியையும் இதே கரைசலில் நனைத்துப் பிழிந்துகொள்ளலாம். விறகு அடுப்பு எரியும் வீட்டில் எவர்சில்வர் கேனுக்கு மருந்தே இல்லாமலும் செய்யலாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்காமல் மேலே வைத்து, ஐந்து நிமிடம் விட்டு வடிப்பது. இறுக்கி மூடிக் குலுக்கினால் ஆவி பீய்ச்சிக் கை வெந்துவிடும். அலச வேண்டாத மருந்துகளில் இதைவிட மலிவானது கிடையாது.

இத்தனையும் செய்தாலும் மாலைப் பாலைக் காலைவரை சும்மா வைத்தால் மாசி வெயிலில் பால் தாங்காது. வெதுவெதுப்பான பாலில் கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கிருமியில் தொடங்கிய பால் ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தொடும். அழுக்குக் கேனில் ஒரு லட்சத்தில் தொடங்கிய பால் அதே பத்து லட்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொட்டுவிடும். சுத்தமான கேன் தருவது அவகாசம் மட்டுமே. மாலைப் பாலைக் கறந்தவுடன் கேனோடு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு நிறுத்தி, தண்ணீரை இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. காலையில் கறந்த சூடான பாலை அதில் கலக்காமல் தனிக் கேனில் ஊற்ற வேண்டும். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் மாலைக் கொள்முதல் இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம். திருப்பி அனுப்பிய மூன்று முறையும் குற்றவாளி கேன் மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. குளோரின் மருந்தோடு கழிவறை ஆசிட், வினிகர் என்று எந்த அமிலத்தையும் சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. படிவு எடுக்கும் வினிகர் நாளில் கேனை நன்றாக அலசிய பிறகே குளோரின். மகன் வாங்கி வந்த அமில மருந்தையும் ஹைப்போகுளோரைட் பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். இரண்டாவது, மருந்து பாத்திரத்துக்குத்தான். திரியாமலிருக்கப் பாலிலேயே ஆப்ப சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பது கலப்படம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பால் போகும் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகளிர் குழு கேட்டிருப்பதும் இதை ஒட்டியதே. தக்காளி விலை விழும்போது சாஸ் போட்டு பாட்டிலில் அடைக்கிறார்கள், சில பாட்டில்கள் பொங்கி மூடி தெறிக்கிறது, பாட்டிலுக்கு என்ன மருந்து ஊற்றலாம் என்கிறார்கள்.

கண்ணாடிப் பாட்டிலுக்கு மருந்து தேவையில்லை. கழுவிய பாட்டில்களை அடியில் துணி விரித்த அண்டாவில் அடுக்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடேற்றி 20 நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொதிநீரில் திடீரென்று போட்டால் விரிசல் விடும். எடுத்து வடித்து, சூடாக இருக்கும்போதே 85 டிகிரிக்குக் குறையாத சாஸை ஊற்றி, மூடி, சற்று நேரம் தலைகீழாக வைத்தால் மூடியின் உட்புறமும் அந்தச் சூட்டிலேயே சுத்தமாகிவிடும். கொதிக்க வைக்க முடியாத பிளாஸ்டிக் மூடிகளுக்கு மட்டும் 200 பி.பி.எம். குளோரின் கரைசலில் இரண்டு நிமிடம், பிறகு வலைத் தட்டில் வடிப்பது. அலச வேண்டாம். பொங்குவதற்குப் பாட்டில் மட்டும் காரணமாக இராது, சாஸ் ஆறிய பிறகு ஊற்றியிருக்கலாம், புளிப்பும் சர்க்கரையும் குறைந்திருக்கலாம். விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் தக்காளி பதப்படுத்தும் பயிற்சி பற்றித் தெரிந்துகொள்ளலாம். போகும்போது பொங்கிய பாட்டில் ஒன்றை மூடியைத் திறக்காமல் கையோடு எடுத்துப் போகட்டும்.